போன் வராவிட்டால் நல்ல சேதி

எங்கள் மாகாணத்தில் நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்கும் நாளில் புது ஷூ போட்டுக்கொண்டு வருவார். யார் ஆரம்பித்துவைத்த வழக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முந்தின நாளே படமெடுக்கிறவர்களை வரவழைத்து, நாற்காலியில் உட்கார்ந்து நாடா கட்டுவதுபோல் ஒரு படம் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் விஷயம். பெரிய மனிதர் வருஷத்துக்கு ஒரு நாள் காலை நீட்டிச் சிரிக்கிறார், நாமும் பதிலுக்குச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். ஹெரன்புரூக் ஆட்கள் அந்த வருஷம் அப்படிப் போகவில்லை.

போகாததற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் இருப்பதே ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கமும், இரண்டு சர்ச்சும், ஒரு பூட்ஸ் ஃபாக்டரியும்தான். விரலுக்கு இரும்புக் கவசம் வைத்த வேலைக்கார பூட்ஸ். பத்து ஜோடி தைத்தால் ஒன்பது எல்லையைத் தாண்டித் தெற்கே போகும். பிப்ரவரியில் தெற்கே இருக்கிற நாட்டுக்காரர்கள் இறக்குமதி வரி போட்டார்கள். ஒரு வாரம் கழித்து நிறுத்திவைத்தோம் என்றார்கள். அடுத்த வாரம் இல்லை, போட்டதுதான் என்றார்கள். வாங்குகிறவனுக்கு எது உண்மை என்று தெரியவில்லை, அதனால் அவன் வாங்குவதையே விட்டுவிட்டான். தயாரான பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. மாகாண அரசு பட்ஜெட்டில் கைகொடுத்தால் ஃபாக்டரி ஓடும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பூட்டுதான் என்று முதலாளி எழுதி ஒட்டிவிட்டார்.

அதே வாரத்தில்தான் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கும் கம்பெனி ஒன்று ஆள் அனுப்பியது. தைக்கிறவர்கள் முப்பத்தெட்டுப் பேரையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம், இரண்டு வருஷத்துக்கு வேலை நிச்சயம், ஆனால் தலைநகர்ப் பக்கம் குடிவர வேண்டும் என்றார் வந்தவர். செவ்வாய்க்கிழமை மூன்று மணி வரை அரங்கத்துக் கேன்டீனில் உட்கார்ந்திருப்பேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சரி, மூன்றுக்கு மேல் பக்கத்து மாவட்டத்தில் காத்திருக்கிற ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். முப்பத்தெட்டுப் பேருக்கும் படிவம் கொடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமைதான் பட்ஜெட், அதுவும் நாலு மணிக்கு.

இந்தச் சமயத்தில்தான் அமைச்சர் அலுவலகத்திலிருந்து பிரின் என்று ஒரு பெண் மெர்ல் பெட்டிபாவுக்கு போன் செய்தாள். மெர்லுக்கு வயது ஐம்பத்து மூன்று. தையல் பிரிவுக்கு மேஸ்திரி, யூனியனுக்குத் தலைவி. சம்பள ஒப்பந்தத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, முதலாளி வைத்த காற்புள்ளியைக்கூட நீக்கச் சொல்லிச் சண்டை போட்டவள். அவள் சொன்னால் ஹெரன்புரூக்கில் மறுபேச்சு கிடையாது.

"அமைச்சர் இந்தத் தடவை உங்க பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் பட்ஜெட் வாசிக்கப் போறார்" என்றாள் பிரின். "ஒரு ஜோடி தச்சுத் தர்றீங்களா? அன்னைக்கு நீங்களும் எங்க விருந்தாளியா வரணும். காலைல லாக்கப்புக்கு வாங்க, சாயங்காலம் சபையில உங்களை எழுந்து நிக்க வச்சு அறிமுகப்படுத்துவார்."

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெர்ல் எல்லோரையும் கூட்டி இதைச் சொன்னாள். லாக்கப் என்றதும் ஒரே சிரிப்பு.

"என்ன தப்பு பண்ணினே, உள்ள தள்ளப் போறாங்க?" என்றான் பைரன் சிங்க். மெஷின் ரிப்பேர் பார்த்துவிட்டுத் தையலுக்கும் உட்காருகிறவன், நாக்கு கொஞ்சம் நீளம். "ஜாமீனுக்கு நான் வர்றேன், கவலைப்படாதே."

"அது சும்மா பேருடா. பத்திரிகைக்காரங்களையும் நம்மள மாதிரி ஆளுங்களையும் ஒரு ரூம்ல உக்கார வச்சு, பட்ஜெட் புத்தகத்தை முன்னாடியே படிக்கக் குடுப்பாங்களாம். ஒம்பது மணிக்கே குடுத்துருவாங்க. ஊருக்கெல்லாம் நாலு மணிக்குத் தெரியும், நமக்குப் பத்து மணிக்கே தெரிஞ்சிடும். புரியுதா?"

"புரியுது. ஆனா கூடாரக்காரன் நிச்சயமா வேலை தர்றேங்கறான். இவங்க வாயைத் திறக்கவே இல்லையே மெர்ல். பூட்ஸ் கேட்டாங்க, அவ்வளவுதானே?"

"நம்மள மூடப் போறவன் நம்ம பூட்ஸையே மாட்டிக்கிட்டு டிவியில வந்து நிப்பானா? அந்த அளவுக்கு ஒருத்தனுக்கு நெஞ்சழுத்தம் இருக்குமா?"

வீட்டை விற்றுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றி, தெரியாத ஊரில் போய்க் கூடாரம் தைக்க யாருக்குத்தான் ஆசை? அவள் சொல்வது உண்மையாக இருந்தால் தேவலை என்று எல்லோருக்கும் இருந்தது. அப்படி இருக்கும்போது அது உண்மையாகவே தோன்றிவிடும்.

"இப்படி வச்சுக்குவோம்" என்றாள் மெர்ல். "கெட்ட சேதின்னா மூணு மணிக்குள்ள நான் போன் பண்ணிடுவேன். உடனே எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, நான் போட்டு வச்சிருக்கிற என் படிவத்தையும் சேர்த்து. என் போன் வரலைன்னா நல்ல சேதி. யாரும் போட வேண்டாம்."

இதில் ஓட்டை இருப்பதாக முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு தையல் போட்டு அமைச்சருக்கு பூட்ஸ் தைத்தார்கள். பூட்ஸுக்குள் உள்ளங்காலுக்கு வைக்கிற தோலின் அடிப்பக்கத்தில் முப்பத்தெட்டுப் பெயரையும் பொடி எழுத்தில் எழுதினார்கள். அவர் பார்க்கமாட்டார்தான், ஆனாலும் அவர் கூடவே சபைக்குள் போனமாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை பனியில் இரண்டு மணி நேரம் காரோட்டி மெர்ல் தலைநகரம் போய்ச் சேர்ந்தாள். மாநாட்டுக் கட்டடத்தின் நாலாவது மாடி. வாசலில் மேஜை போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். மூன்று பக்கத் தாளை நீட்டினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, பத்திரிகைக்காரன் ஒருவன் சலிப்பாகப் பெருமூச்சு விட்டான். காற்புள்ளிக்குச் சண்டை போட்ட மெர்ல், அன்றைக்கு ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அழைத்தவர்கள் வீட்டில் போய்ச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று நினைத்தாள், பாவி.

"போனை இந்தக் கவருக்குள்ள போட்டுடுங்க கண்ணு" என்றார் காவலர். எங்கள் கரையோரத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான்.

"நடுவுல ஒரு போன் பண்ண வேண்டியிருக்கும்."

"வெளிய போறப்ப வாங்கிக்கங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவள் நினைத்த வெளியே வேறு, அவர் சொன்ன வெளியே வேறு.

உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். காப்பி, மஃபின், தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். மூன்றாம் பக்கத்தைத் திருப்பியவுடன் மெர்லுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கம் முழுக்க அவர்களுடைய பூட்ஸ். விரல் பக்கத்துத் தையல் அவள் கையால் போட்டது, அது அவளுக்குத் தெரியும். படத்துக்குக் கீழே "நம் உழைப்பு, நம் உறுதி" என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. பைரன் மூஞ்சியில் இதைக் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

பிறகு உதவிப் பட்டியலைத் தேட ஆரம்பித்தாள். வர்த்தக நிச்சயமின்மை, வர்த்தக நிச்சயமின்மை என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது, மழை நாளில் தவளை கத்துகிற மாதிரி. பதினொரு மணிக்கு நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் அது அகப்பட்டது. விற்பனையில் பாதிக்கு மேல் எல்லை தாண்டிச் செல்லும் தொழிற்சாலைகளுக்கு உதவி இல்லை. விரல் வைத்து மூன்று தரம் படித்தாள். மூன்று தரமும் அப்படித்தான் இருந்தது.

கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிதித்துறை அதிகாரி ஒருவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சுற்றி வந்தார். பெயர் ஹியூபர்ட் கோமோ. ஒல்லியான, தன்மையான மனிதர். மெர்ல் அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"வரியால அடிபட்டவங்களுக்குத்தானே சார் உதவி? எங்களைவிட அடிபட்டவங்க யாரு?"

"அதனாலதாங்க" என்றார் கோமோ. "பாதிக்கு மேல வெளிய போற ஃபாக்டரியைக் காப்பாத்த முடியாதுன்னு கணக்குப் பண்ணிட்டாங்க. பிழைக்கக்கூடியவங்களுக்கு மட்டும்தான்."

"இங்க அவசர நிதின்னு அம்பது கோடி டாலர் போட்டிருக்கே. யாருக்கும் ஒதுக்காம சும்மாதானே இருக்கு?"

"அது நிச்சயமின்மைக்கான நிதி. என்ன நடக்கும்னு தெரியாத விஷயங்களுக்கு வச்சிருக்கோம்." அவர் குரலைத் தாழ்த்தினார், துக்கம் விசாரிக்கிறவர்போல. "உங்க ஃபாக்டரி மூடறது நிச்சயம் ஆயிடுச்சு இல்லையா? நிச்சயமான நஷ்டத்துக்கு அதுலேர்ந்து எடுக்க வழியில்லை."

இதைச் சொன்ன மனிதர் கேலி செய்யவில்லை, குடித்திருக்கவும் இல்லை. நன்றாகப் படித்தவர்.

சரி, போகட்டும் என்று மெர்ல் மனதைத் தேற்றிக்கொண்டாள். பணம் இல்லாவிட்டால் இல்லை. கூடாரம் இருக்கிறது. மூன்றுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்க கண்ணு?" என்றார் காவலர்.

"கிளம்புறேன். போனைக் குடுங்க."

"நாலு மணிக்கு அமைச்சர் எழுந்து நின்னு வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் விடுவோம். கையெழுத்துப் போட்டீங்களே."

அவள் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. லாக்கப் என்றால் லாக்கப்தான். நூறு பேரை உள்ளே விட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், மஃபின் கொடுத்து.

அவள் கெஞ்சினாள். கையெழுத்துத் தாளை எடுத்துக் காட்டினார்கள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. நர்ஸ் ஒருத்தி வந்து பக்கத்து அறையில் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காவலர் கூட வருவார், போன் நாலு மணிக்குத்தான் என்றாள். ஒரு மணி ஆயிற்று. மெர்ல் திரும்ப கோமோவைப் பிடித்தாள்.

"நான் பேச வேண்டாம். நீங்களே பேசுங்க. பைரன் சிங்க்னு ஒருத்தன், நம்பர் தர்றேன். கையெழுத்துப் போடுங்கன்னு ஒரே வார்த்தை. பட்ஜெட்டைப் பத்தி மூச்சு விட வேண்டாம்."

கோமோ நிஜமாகவே யோசித்தார். "கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னா, உதவி இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும் இல்லையா?"

"தெரியத்தானே சார் வேணும்."

"அப்ப அது பட்ஜெட் தகவல். சந்தையைப் பாதிக்கும்."

"முப்பத்தெட்டுத் தையக்காரங்க எந்தச் சந்தையைப் பாதிக்கப் போறாங்க?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார் அவர். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கடையில் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டால் வருகிற அளவுக்கு.

இரண்டரை மணிக்கு அறையில் சலசலப்பு. நிதியமைச்சர் ஆல்டன் ரஃபியூஸ் வந்துவிட்டார். பூட்டிக் கிடக்கிறவர்களைப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டுப் போவதும் வழக்கம்தான். உயரமான ஆள், எடுப்பான நரைமுடி, காலில் அவர்களுடைய பூட்ஸ். பின்னால் படமெடுக்கிறவனும், கையில் குறிப்பேட்டோடு ஓர் இளம்பெண்ணும். அமைச்சர் நேராக மெர்லிடம் வந்து அவள் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"இதுக்காகத்தான் வந்தேன், மெர்ல். இந்த மாதிரி பூட்ஸ் நான் போட்டதே இல்லை. இடது கால் மட்டும் காலைல கொஞ்சம் உறுத்துச்சு, பிரின் உள்ள இருந்த தோலை எடுத்துட்டு மெத்து மெத்துன்னு வேற ஏதோ வச்சா. இப்ப பஞ்சு மாதிரி இருக்கு."

"அந்தத் தோல் எங்க?" என்றாள் மெர்ல்.

"ரெண்டையும் குப்பையில போட்டுட்டேன்" என்றாள் அந்த இளம்பெண். அவள்தான் பிரின். நல்ல பிள்ளை, சிரித்த முகம்.

மெர்லுக்குத் துக்கப்பட நேரம் இல்லை. கடிகாரம் இரண்டு முப்பத்தாறு காட்டியது. கூடாரம், படிவம், மூன்று மணி, வெள்ளிக்கிழமைப் பூட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நூத்தி நாப்பத்தொண்ணாம் பக்கத்தைப் பத்தி நான் கேக்கலைங்க. அது போனது போகட்டும். எனக்கு ஒரு போன் பண்ணணும். ஒரு நிமிஷம். நீங்க நினைச்சா முடியும்."

அமைச்சருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. அந்த முகத்தில் புரிந்துகொண்டது தெரிந்தது, கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு படமெடுக்கிறவனைப் பார்த்தார். இவளுக்காக ஒரு போனுக்கு அனுமதி கொடுத்தால் இங்கே இருக்கிற நூறு பேரும் பார்ப்பார்கள், நாளைக்கு பேப்பரில் பட்ஜெட் கசிந்தது என்று வரும்.

"நாலு மணி வரைக்கும் நானும் கைதிதான், கண்ணு" என்று சொல்லி அவள் தோளைத் தட்டினார். "ஆனா இதை இப்படியே விடமாட்டேன். பிரின், இதைக் கவனி."

பிரின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். படமெடுக்கிறவன் மெர்லைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னான், பூட்ஸ் படத்தில் வர வேண்டும் என்று. அவளும் நகர்ந்தாள். கவனி என்று சொல்லிவிட்டாரே, இப்போது முறைத்துக்கொள்ளக் கூடாது என்று சிரிக்கவும் செய்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின் வெளியே போய் போன் செய்துகொண்டிருப்பாள். பைரன் எடுத்திருப்பான். ஏதாவது நக்கலாகச் சொல்லிவிட்டு எல்லோரையும் மேஜைக்கு விரட்டியிருப்பான். இரண்டு ஐம்பது. முப்பத்தெட்டுக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும், ஐந்து நிமிஷம். மூன்று மணி ஆனபோது அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். முடிந்தது, எப்படியோ முடிந்திருக்கும். வீட்டை விற்க வேண்டியதுதான்.

மூன்றே முக்காலுக்கு பிரின் வந்து, போன் இருந்த கவரைத் தானே வாங்கிக்கொண்டு, அவளை மட்டும் சபைக்குக் கூட்டிப்போனாள். நடைபாதையில் மெர்ல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பைரன் எடுத்தானா? என்ன சொன்னான்?"

"எந்த பைரன்?" என்றாள் பிரின். பிறகு ஞாபகம் வந்து குறிப்பேட்டைத் தட்டிக் காட்டினாள். "ஓ, உங்க விஷயமா? எழுதி வச்சிருக்கேங்க. வியாழக்கிழமை பட்ஜெட் வேலையெல்லாம் ஓஞ்சதும் முதல் வேலையா பாத்துடறேன்."

மெர்ல் எப்படி நடந்து மாடியிருக்கையில் போய் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே அமைச்சர் எழுந்தார். வாசிப்பதற்கு முன்னால் ஒரு விருந்தாளியை அறிமுகப்படுத்த அனுமதி வேண்டும் என்றார். காலைத் தூக்கி மேஜை ஓரத்தில் வைத்து பூட்ஸைக் காட்டினார். எதிர்க்கட்சியும் சிரித்தது. இதைத் தைத்த கைகள் இங்கே வந்திருக்கின்றன, ஹெரன்புரூக்கின் மெர்ல் பெட்டிபா, எழுந்திருங்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையைத் தாங்கி எழுப்பிவிட்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சபாநாயகர், எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை.

அமைச்சர் வாசிக்க ஆரம்பித்தார். பிரின் குனிந்து, கவரைப் பிரித்து, போனை அவள் மடியில் வைத்தாள். இனி தடையில்லை. போன் உயிர் வந்து நடுங்க ஆரம்பித்தது.

பைரன், ஒன்று ஐம்பது: "என்ன மெர்ல், சத்தத்தையே காணோம்?"

இரண்டு நாற்பது: "ரெண்டு மூணு பேர் பயப்படறாங்க. கெட்ட சேதின்னா மெர்ல் எப்பவோ கூப்பிட்டிருப்பா, அவ சொன்னா சொன்னதுன்னு நான்தான் அதட்டி உக்கார வச்சேன். பாத்தியா, நானே."

மூன்று பத்து: "ஆள் கிளம்பிட்டான். நல்லவன், நமக்காகப் பத்து நிமிஷம் கூடவே இருந்தான். நல்லா யோசிச்சீங்களான்னு கேட்டான். படிவத்தையெல்லாம் அவன் முன்னாலேயே கிழிச்சுப் போட்டோம். கார் திரும்பற வரைக்கும் எல்லாரும் கையாட்டினோம்."

நாலு ஐந்து: "டிவியில உன்னைப் பாத்தோம். நீ சந்தோஷத்துல அழுததைப் பாத்து இங்க எல்லாரும் அழுறாங்க. நானும்தான். யார்கிட்டயும் சொல்லாதே."

நடைபாதைக்கு வந்தாள். கையிலேயே போன் அடித்தது. பைரன்தான். எடுக்காமல் இருந்தால் அதுவும் நல்ல சேதி என்றுதான் நினைப்பார்கள். எடுத்தாள். பின்னால் கேன்டீன் முழுக்க இரைச்சல், யாரோ மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தையின் குரல்கூடக் கேட்டது.

"சொல்லு மெர்ல்" என்றான் பைரன். "அமைச்சர் இன்னும் நம்ம பேச்சையே எடுக்கல. எவ்வளவு குடுத்திருக்காங்க? உன் வாயாலதான் கேப்போம்னு டிவி சத்தத்தைக் குறைச்சுட்டோம். எல்லாரும் இங்கதான் இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு, பைரன்" என்றாள் மெர்ல்.

மேஜை தட்டுகிற சத்தம் நின்றது. அவன் ஸ்பீக்கரை அணைக்கவில்லை.